கிருமியின் சுவரைத் தாக்கும் மருந்துகள்: நேரம் தவறாமல் எடுப்பது எப்படி, பக்கவிளைவைக் கண்டுகொள்வது எப்படி

கிளினிக்கிலிருந்து மருந்துப் பை கைக்கு வந்ததும் முதலில் பெயரைப் படியுங்கள். "ஆன்டிபயாட்டிக் கொடுத்தாங்க" என்று மட்டும் தெரிந்திருந்தால் போதாது. பையின் மேல் மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்பதோடு "உபாட் தெர்காவால்" என்றும் அச்சிட்டிருக்கும். கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பது அதன் பொருள். மலேசியாவின் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டப்படி ஆன்டிபயாட்டிக்கை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சீட்டில்லாமல் மளிகைக் கடையிலோ சந்தைக் கடையிலோ உதிரியாகக் கிடைக்கிறதென்றால், அது என்ன மருந்து, எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் "எம்.ஏ.எல்." என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். ஆன்டிபயாட்டிக் என்றால் அந்த எண் "ஏ" என்ற எழுத்தில் முடியும்.

பெயரைப் படித்தால் குடும்பம் தெரியும். "சிலின்" என்று முடிபவை பெனிசிலின் குடும்பம்: அமோக்சிசிலின், கிளாக்சாசிலின், பெனிசிலின் வி. "செஃப்" என்று தொடங்குபவை அதன் பங்காளிகள்: செஃபலெக்சின், செஃபுராக்சிம், ஊசியாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன். பெரிய மருத்துவமனையில் கேள்விப்படும் மெரொபெனம், வான்கோமைசின் ஆகியவையும் இந்த வேலையைச் செய்பவையே. எல்லாம் கிருமியின் சுவரைத் தாக்குபவை. டாக்சிசைக்ளின், எரித்ரோமைசின், அசித்ரோமைசின் ஆகியவை வேறு வழியில் வேலை செய்கின்றன. இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

சுவர் எப்படி உடைகிறது

பிரம்பால் பின்னிய செப்பாக் தக்ராவ் பந்துக்குள் ஒரு பலூனை வைத்து நன்றாக ஊதுங்கள். பலூன் வெடிக்காமல் இருப்பதற்குப் பிரம்புப் பின்னலே காரணம். பாக்டீரியாவும் அப்படித்தான். அதன் உள்ளே அழுத்தம் மிக அதிகம். மெல்லிய சவ்வு தனியே அதைத் தாங்காது. சர்க்கரைச் சரங்களை நீளவாக்கில் ஓடவிட்டு, குட்டிப் புரத முடிச்சுகளால் குறுக்கே கட்டிய ஒரு வலைதான் அதைத் தாங்குகிறது. பெப்டிடோகிளைக்கன் என்பது அந்த வலையின் பெயர்.

கிருமி வளர வேண்டுமென்றால் வலையும் பெரிதாக வேண்டும். ஒரு பக்கம் பழைய பிரம்பை வெட்டி இடம் விடும் நொதிகள், இன்னொரு பக்கம் புதுப் பிரம்பைச் செருகி முடிச்சுப் போடும் நொதிகள். இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும். முடிச்சுப் போடும் நொதி பிடிக்கும் நுனிக்கும் பெனிசிலினின் வடிவத்துக்கும் ஒற்றுமை இருக்கிறது. நொதி ஏமாந்து மருந்தைப் பிடிக்கிறது, பிடித்த கையை விடுவிக்க முடியாமல் நின்றுபோகிறது. வெட்டும் வேலையோ நிற்பதில்லை. பின்னல் தளர்ந்த இடத்தில் சவ்வு பிதுங்கி, கிருமி வெடிக்கிறது. 1928இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் தட்டில் கண்டதும் இதுதான்: பூஞ்சையைச் சுற்றியிருந்த கிருமிக் கூட்டங்கள் கரைந்துபோயிருந்தன. வான்கோமைசின் செய்வது வேறு. அது நொதியைத் தொடாமல், முடிச்சுப் போட வேண்டிய பிரம்பு நுனியையே மூடிவிடுகிறது.

மனித உயிரணுவுக்கு இந்தச் சுவரே கிடையாது. அதனால்தான் இம்மருந்துகள் நம் உடம்பை அதிகம் படுத்தாமல் கிருமியைக் கொல்கின்றன. ஆனால் இதிலிருந்தே இரண்டு கட்டுப்பாடுகள் பிறக்கின்றன. ஒன்று, கிருமி வளர்ந்துகொண்டிருந்தால்தான் மருந்து பலிக்கும். தூங்கும் கிருமி முடிச்சே போடுவதில்லை, அப்போது ஏமாற்றுவதற்கு ஆளில்லை. இரண்டு, சுவர் இல்லாத எதன்மீதும் இது பலிக்காது. சளி, ஃபுளூ, டெங்கி ஆகியவை வைரஸ். டெங்கிக்கு அமோக்சிசிலின் சாப்பிட்டால் பக்கவிளைவு மட்டும்தான் மிச்சம்.

கடிகாரம்

அமோக்சிசிலின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 1 மணி நேரம் போதும். கிளாக்சாசிலின் அதைவிடச் சீக்கிரம் போய்விடும். இரண்டையும் பெரும்பாலும் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. பெனிசிலின், செஃப் வகைகளில் ஒரே வேளையில் எவ்வளவு அதிகம் என்பதைவிட, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போதிய அளவு இரத்தத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். காலையில் மறந்துவிட்டு இரவில் இரண்டாக விழுங்கினால், ஏறிய மருந்து சில மணிகளில் இறங்கிவிடும். இடைவெளியில் கிருமி முடிச்சைப் போட்டுக்கொண்டே இருக்கும். செஃப்ட்ரியாக்சோனை ஒரு நாளைக்கு ஓர் ஊசி என்று போட முடிவது, அது உடம்பில் நெடுநேரம் தங்குவதால்தான்.

"3 காலி செஹாரி" (ஒரு நாளைக்கு மூன்று வேளை) என்று எழுதியிருந்தால் அதைப் பசியாறல், மதியம், இரவுச் சாப்பாடு என்று எடுத்துக்கொள்கிறோம். 7 மணி, 1 மணி, 7 மணி என்றால் இரவில் 12 மணி நேரம் வெறுமை. 6, 2, 10 என்று வையுங்கள்.

கிளாக்சாசிலின்தான் தோட்டத்தில் வேலை செய்பவருக்குச் சிரமம். செம்பனை முள் விரலில் குத்தி, இரண்டு நாளில் வீங்கிச் சிவந்து சீழ் வைத்தால் பெரும்பாலும் இதைத்தான் தருவார்கள். தோலில் குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி சாதாரண பெனிசிலினை நொதியால் உடைத்துவிடும், கிளாக்சாசிலினை அவ்வளவு எளிதாக உடைக்க முடியாது. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 500 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு முறை. உங்கள் பையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே உங்களுக்கு உரியது. அதோடு "செபெலும் மாக்கான்" என்றும் இருக்கும்: சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்போ, 2 மணி நேரம் கழித்தோ. வயிற்றில் சோறு இருந்தால் மருந்து சரியாக உள்ளே ஏறாது.

பெரட்டுக்கு (தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகிறவர் இதை இப்படிப் பொருத்தலாம். விடியற்காலை 5 மணிக்கு எழுந்ததும் வெறும் வயிற்றில் முதல் மாத்திரை, 6 மணிக்குப் பசியாறல். வேலைக்காட்டில் 9 மணிக்கு முன்பே ரொட்டி, தேநீர் முடித்துவிட்டால் 11 மணிக்கு இரண்டாவது. மதியச் சாப்பாடு 12 மணிக்கு மேல். மாலை 5 மணிக்கு மூன்றாவது, இரவுச் சாப்பாடு 6 மணிக்கு மேல், 9 மணிக்குள். 11 மணிக்கு நான்காவது. காட்டுக்குக் கொண்டுபோவதற்கு ஒரே ஒரு மாத்திரையை அட்டையோடு வெட்டி, சின்ன டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், வெயிலில் அந்தப் பெட்டி கொதிக்கும். இரவு மாத்திரையை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, சற்று நேரம் உட்கார்ந்திருந்து பிறகு படுங்கள். தொண்டைக்குழாயில் மாத்திரை ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகும்.

அமோக்சிசிலினுக்கு இந்தச் சாப்பாட்டுக் கணக்கு இல்லை. கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மருந்தை (ஆக்மென்டின் என்ற பெயரில் பலரும் அறிந்தது) முதல் வாய்ச் சோற்றோடு எடுத்தால் வயிறு தாங்கும். அதில் 625 என்றிருப்பது 500 அமோக்சிசிலின், 125 கிளாவுலானிக் அமிலம். இரண்டாவது பொருள் கிருமியைக் கொல்ல வரவில்லை. மருந்தை உடைக்கும் கிருமியின் நொதிக்குத் தானே இரையாகி, அமோக்சிசிலினைக் காப்பாற்றவே வருகிறது. இதனால் 250+125 மாத்திரை இரண்டை ஒரு 625க்குச் சமம் என்று போடக் கூடாது. கிளாவுலானிக் இரட்டிப்பாகும், வயிற்றுப்போக்கும் கூடும்.

ஒரு வேளை மறந்தால், நினைவு வந்ததும் எடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டாக எடுக்க வேண்டாம்.

பிள்ளைகளின் தண்ணி மருந்து

இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. பொடியாகக் கொடுத்த போத்தலில் தண்ணீர் கலக்கும் முன், போத்தலைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் தட்டிப் பொடியை உதிர்த்துவிடுங்கள். அடியில் கட்டியாக இருக்கும் பொடி கரையாது. அப்படி விட்டால் முதல் நாள் மருந்து நீர்த்திருக்கும், கடைசி நாள் கெட்டியாக இருக்கும். கொதிக்க வைத்து நன்றாக ஆறிய தண்ணீரைக் குறியில் முக்கால் அளவு ஊற்றி மூடிக் குலுக்குங்கள். நுரை அடங்கும் வரை பொறுங்கள். நுரை குறியை மறைத்துக்கொண்டிருக்கும்போது ஊற்றினால் அளவு தவறும். பிறகு குறி வரை நிரப்பி, மறுபடி குலுக்குங்கள். "100 மில்லி" என்று எழுதியிருப்பது கலக்கி முடித்த பிறகான மொத்த அளவு. 100 மில்லி தண்ணீரை அளந்து ஊற்றினால் மருந்து நீர்த்துவிடும். சூடான தண்ணீர் மருந்தையே கெடுக்கும். கிளினிக்கில் கலந்து தரக் கேட்பது எல்லாவற்றையும்விட நல்லது.

கிளாவுலானிக் சேர்ந்த தண்ணி மருந்தைக் குளிர்ப்பெட்டியின் நடுத்தட்டில் வைத்து 7 நாளில் முடிக்க வேண்டும். ஐஸ் பெட்டியிலும் வேண்டாம், திறந்து மூடும் கதவிலும் வேண்டாம். வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லையென்றால் சீட்டு எழுதும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வேறு மருந்து அல்லது வேறு வடிவம் தர முடியும். சாதாரண அமோக்சிசிலின் தண்ணி மருந்து கலந்த பிறகு 7 நாளா 14 நாளா என்பது தயாரிப்பைப் பொறுத்தது. போத்தலில் உள்ளதைப் பாருங்கள், கலந்த தேதியை மேலே பேனாவால் எழுதுங்கள்.

சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள். ஒவ்வொரு கரண்டியும் ஓர் அளவு. ஊசியில்லாத சிரிஞ்சு கேட்டால் தருவார்கள். இன்னொன்று: போன முறை 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்று இருந்த மருந்து, இந்த முறை 5 மில்லியில் 250 என்று வரலாம். பழைய ஞாபகத்தில் 5 மில்லி கொடுத்தால் பிள்ளைக்கு இரட்டை மருந்து. பிள்ளையின் அளவு எடையைப் பொறுத்தது. அதனால் அண்ணனுக்குக் கொடுத்த மிச்சம் தம்பிக்கு ஆகாது.

கேப்சூலைப் பிரித்துப் பொடியைப் புண்ணில் தூவும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். தோல் வழியே பெனிசிலின் படுவதால்தான் ஒவ்வாமை எளிதில் உருவாகிறது. பின்னாளில் அந்த மருந்து உயிர் காக்க வேண்டிய நேரத்தில் பயன்படாமல் போகும்.

மருந்து வாங்கும்போதே சொல்ல வேண்டியவை

சிறுநீரகம் கெட்டிருந்தால், டயாலிசிஸ் செய்தால் கட்டாயம் சொல்லுங்கள். மருந்து வெளியேறாமல் தேங்கினால் குழப்பமும் வலிப்பும் வரலாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் எடுப்பவருக்கு ஆன்டிபயாட்டிக் தொடங்கிய சில நாளில் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) ஏறக்கூடும், சோதனைத் தேதியை முன்கூட்டியே வைக்கச் சொல்லுங்கள். மூட்டு நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் எடுத்தால் பெனிசிலின் அதை உடம்பில் தேக்கிவிடும். வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுப்பவரை மருத்துவமனையில் சேர்த்தால் மெரொபெனம் விஷயத்தை வாய்விட்டுக் கேளுங்கள், வால்ப்ரோயேட்டின் அளவு இரத்தத்தில் வேகமாக விழுந்து வலிப்பு திரும்பலாம். யூரிக் அமிலத்துக்கு அலோப்யூரினால் எடுப்பவருக்கு அமோக்சிசிலினால் தோல் தடிப்பு அதிகம் வரும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் பெனிசிலின், செஃப் வகைகள் பொதுவாகப் பாதுகாப்பானவை. பால் குடிக்கும் குழந்தைக்குச் சற்று வயிறு இளகலாம்.

தோட்டத்துக் காய்ச்சல்களில் சுவர் மருந்து தவறும் இடம்

மூன்று நாளாக அமோக்சிசிலின் எடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் இன்னொரு கிளினிக்கில் "இன்னும் பவரான" மருந்து கேட்பதற்கு முன் உடம்பைப் பாருங்கள். இடுப்பு வார் இருக்கும் இடம், அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்பக்கம். சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு, வலியில்லாமல் இருக்கிறதா? புல்லில் இருக்கும் சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலின் அடையாளம் அது. அந்தக் கிருமி நம் உயிரணுவுக்குள்ளேயே வாழ்வது. பெனிசிலினோ செஃப் வகையோ அதற்குப் பலிக்காது, டாக்சிசைக்ளின் பலிக்கும். 1948இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில்தான் குளோரம்ஃபெனிகால் என்ற வேறொரு ஆன்டிபயாட்டிக் இந்தக் காய்ச்சலைத் தீர்ப்பது நோயாளிகளிடம் நிரூபிக்கப்பட்டது. மருத்துவரிடம் "செம்பனைக் காட்டில் வேலை" என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல மறக்காதீர்கள். அந்த ஒரு வார்த்தை சிகிச்சையையே மாற்றும்.

எலிச் சிறுநீர் நோயில் பெனிசிலின் பலிக்கும். ஆனால் முதல் மருந்து போன சில மணி நேரத்தில் கடுங்குளிர் நடுக்கமும் காய்ச்சலும் ஏறலாம். ஏராளமான கிருமிகள் ஒரே நேரத்தில் உடைந்து சிதறுவதால் வருவது அது, ஒவ்வாமை அல்ல. இரத்த அழுத்தம் இறங்கலாம் என்பதால் மருத்துவர்தான் பார்த்துப் பிரித்துச் சொல்ல வேண்டும். அதை "பெனிசிலின் ஆகாது" என்று அட்டையில் எழுதிவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தவறான முத்திரை.

இனிப்பு நீர் உள்ளவர் சேற்றிலும் மழைநீரிலும் வேலை செய்து நீண்ட காய்ச்சலோடு வந்தால் மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் நினைவில் வர வேண்டும். அதற்கு ஊசியாக செஃப்டாசிடிம் அல்லது மெரொபெனம் குறைந்தது 10 முதல் 14 நாள், பிறகு பல மாதம் வேறு மாத்திரை. கிளினிக் மாத்திரை ஒரு வாரம் கொடுத்துப் பார்ப்போம் என்ற கதையே இல்லை.

பக்கவிளைவு: எது பரவாயில்லை, எது ஆபத்து

வயிறு இளகுவது சாதாரணம், குடலில் உள்ள நல்ல கிருமிகளும் சேர்ந்து சாவதால் வருகிறது. மோர், கஞ்சி, உப்புச் சர்க்கரைக் கரைசல் போதும். கரைசல் பொட்டலத்தில் எழுதிய அளவு தண்ணீரில் கலக்குங்கள். தண்ணியாக ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல், அடிவயிற்று வலி, காய்ச்சல், இரத்தம் என்று வந்தால் அது வேறு. நல்ல கிருமிகள் போன இடத்தில் க்ளாஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகியிருக்கலாம். மருந்தை முடித்துச் சில வாரம் கழித்தும் வரும். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களே வாங்கிப் போடாதீர்கள், நச்சு உள்ளேயே தங்கும்.

வாயில் வெள்ளைப் படலம், பெண்களுக்கு அரிப்போடு வெள்ளை படுதல் ஆகியவை பூஞ்சை. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அதிகம். எளிதில் தீரும், கூச்சப்படாமல் சொல்லுங்கள். நாக்கு கறுத்தால் பயப்பட வேண்டாம், மருந்து முடிந்ததும் போய்விடும்.

கண் மஞ்சள், தேநீர் நிறச் சிறுநீர், உடம்பெல்லாம் அரிப்பு என்றால் கிளாவுலானிக் சேர்ந்த மருந்து கல்லீரலைத் தொட்டிருக்கலாம். வயதான ஆண்களிடம் அதிகம், மருந்து முடிந்து சில வாரம் கழித்தும் தோன்றும். காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். எலிச் சிறுநீர் நோயிலும் கண் மஞ்சளாகும். என்ன மருந்து எப்போது எடுத்தீர்கள் என்பதையும் சொல்லி இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்.

தோல் தடிப்பில் நேரம்தான் எல்லாம். மருந்து விழுங்கி 1 மணி நேரத்துக்குள் கொசுக்கடி போல மேடு மேடாக எழுந்து அரித்தால், உதடும் கண்ணிமையும் வீங்கினால், அது உண்மையான ஒவ்வாமை. அடுத்த மாத்திரை கூடாது. ஐந்தாறு நாள் கழித்துப் பிள்ளைக்குத் தட்டையாகச் சிவப்புப் புள்ளிகள் வந்து, பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் வைரஸ் காய்ச்சலின் சொறி அல்லது லேசான எதிர்விளைவு. நிறுத்துவதா என்று கேட்டுச் செய்யுங்கள். கொப்புளம், தோல் உரிதல், வாயிலும் கண்ணிலும் புண் என்றால் உடனே மருத்துவமனை.

மூச்சு இழுப்பு, குரல் கரகரப்பு, தொண்டை அடைப்பு, தலைசுற்றி விழுதல் ஆகியவை வந்தால் 999ஐ அழையுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும், எழுந்து நிற்க வேண்டாம், நடக்க விட வேண்டாம். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துப் பட்டணத்துக்கு ஓட்டிப்போவதுதான் நம்மவர்கள் முதலில் நினைப்பது. அழுத்தம் இறங்கிய உடம்பை நிமிர்த்தி உட்காரவைத்தால் இதயம் நின்றுவிடலாம். தோட்டம் உள்ளே இருந்தால் காரில் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும் சாலை முனையில் சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள். உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரை அந்த வேலையைச் செய்யாது.

"எனக்குப் பெனிசிலின் ஆகாது" என்று சொல்பவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு ஒவ்வாமை இல்லை. வாந்தியையோ சிறுவயதுச் சொறியையோ யாரோ ஒவ்வாமை என்று சொல்லியிருப்பார்கள். உண்மையாக இருந்தவர்களிலும் 10 ஆண்டு போனால் பெரும்பாலோருக்கு அது தேய்ந்துவிடுகிறது. இதை வீட்டில் மாத்திரை போட்டுப் பார்த்துச் சோதிக்கக் கூடாது, மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். தவறான முத்திரை இருந்தால் மருத்துவர் வேறு வகை மருந்துக்குப் போவார். அது பல நேரம் குறைவாகப் பலிப்பதாகவும் பக்கவிளைவு அதிகமானதாகவும் இருக்கும்.

அதனால் எதிர்விளைவு வந்த அன்றே எழுதிவையுங்கள்: மருந்தின் பெயர், எத்தனையாவது வேளை, எத்தனை மணி நேரத்தில் தொடங்கியது, உடம்பில் எங்கே, என்ன சிகிச்சை கொடுத்தார்கள், தேதி. தடிப்பைக் கைப்பேசியில் படம் எடுங்கள், மறுநாள் அது மறைந்திருக்கும். மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாமல் அரசாங்க கிளினிக்கின் மருந்தாளரிடம் கொண்டுபோங்கள். உறுதியானால் "காட் அலாஹான் உபாட்" என்ற ஒவ்வாமை அட்டை எழுதித் தருவார். அடையாள அட்டையோடு சேர்த்துப் பணப்பையில் வையுங்கள். மிஞ்சிய மாத்திரைகளையும் அதே முகப்பில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.